சம்பளத்துக்கு ஆகாத பணம்: ஏழை நாடுகளின் அடிப்படைக் கல்விக்கு வரும் உதவி குறித்து

வளர்ந்த நாடுகளும் உலக வங்கி போன்ற அமைப்புகளும் அறுபது ஆண்டுகளாக ஏழை நாடுகளின் பள்ளிக் கல்விக்குப் பணம் கொடுத்து வருகின்றன. அப்படியிருந்தும் அங்கே பத்து வயதுக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஒரு சிறு கதையை வாசித்துப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை என்றால் அந்தப் பணமெல்லாம் வீண்தானே என்பது கேள்வி. கேள்வியில் உள்ள புள்ளிவிவரம் சரியானதுதான். குறைந்த வருவாய் நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் 53 சதவீதக் குழந்தைகள் இந்த நிலையில் இருப்பதாக உலக வங்கி 2019இல் கணக்கிட்டது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் அது சுமார் 70 சதவீதமாக உயர்ந்திருக்கும் என்று 2022இல் மதிப்பிட்டது. இந்தக் கணக்கில் வெளிநாட்டு உதவியே பெரிதாக வாங்காத நாடுகளும் அடக்கம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்ததில் இந்த உதவிக்குக் கணிசமான பங்கு உண்டு. வந்த குழந்தைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில் அது பெரும்பாலும் தோற்றிருக்கிறது. தோல்விக்குத் தொகை குறைவு என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் அந்தப் பணத்தின் இயல்பு. தொடக்கக் கல்வி என்பது மாதம் தவறாமல், ஆண்டு தவறாமல், முடிவே இல்லாமல் ஆகிக்கொண்டிருக்கும் செலவு. வெளிநாட்டு உதவியோ தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்து வரும் பணம்.

தொடக்கக் கல்விக்கு உதவி என்ற எண்ணமே சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. உலக வங்கி கல்விக்கென்று முதன்முதலில் பணம் கொடுத்தது 1960களின் தொடக்கத்தில், துனிசியாவுக்கு. அதுவும் இடைநிலைப் பள்ளிகள் கட்ட. தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் ஆள் தேவை, ஆகவே இடைநிலைக் கல்வியும் தொழிற்கல்வியும் முதலீடு, சிறு குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பது அந்தந்த நாட்டின் பாடு என்பது அன்றைய பார்வை. தொடக்கக் கல்வியில் போடும் பணத்துக்கே சமூகத்துக்கு அதிக ஆதாயம் என்று பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு, 1980களில்தான் அந்தப் பார்வை மாறத் தொடங்கியது. விந்தை என்னவென்றால், அதே 1980களில்தான் கடன் சுமையில் சிக்கிய ஆப்பிரிக்க நாடுகளிடம் அரசுச் செலவைக் குறைக்கவும், பொதுச் சேவைகளுக்குப் பயனாளரிடம் கட்டணம் வாங்கவும் அறிவுரை சொல்லப்பட்டது. ஒரு கை தொடக்கக் கல்வியின் பெருமையைப் பேச, மறு கை பள்ளி வாசலில் கட்டணச் சீட்டை நீட்டியது.

1990 மார்ச்சில் தாய்லாந்தின் ஜோம்தியன் நகரில் 155 நாடுகள் கூடி 'அனைவருக்கும் கல்வி' என்ற உறுதிமொழியை ஏற்றன. பத்து ஆண்டுகளில் அது நிறைவேறாததால் 2000 ஏப்ரலில் செனகலின் டாக்கர் நகரில் மீண்டும் கூடினார்கள். 2015க்குள் எல்லாக் குழந்தைகளும் கட்டணமில்லாத, தரமான தொடக்கக் கல்வியை முடிக்க வேண்டும் என்பது அங்கே வகுத்த ஆறு இலக்குகளில் ஒன்று. கல்வியில் உண்மையான அக்கறை காட்டும் எந்த நாடும் பணமில்லை என்ற காரணத்தால் இந்த இலக்கை இழக்க நேராது என்றும் டாக்கரில் வாக்குக் கொடுத்தார்கள். கொடுத்த நாடுகள் முழுமையாகக் காப்பாற்றாத வாக்கு அது. ஆனாலும் அதன் பின்னே ஓரளவு பணம் வந்தது. பள்ளிக் கட்டணங்களும் விழுந்தன.

கட்டண ஒழிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உதவியின் வெற்றியும் தோல்வியும் ஒருசேரத் தெரியும் இடம் அதுதான். மலாவி 1994இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியபோது மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 19 லட்சத்திலிருந்து ஒரே ஆண்டில் 29 லட்சத்துக்குத் தாவியது. உகாண்டாவில் 1997இல் சுமார் 30 லட்சமாக இருந்த எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. தான்சானியா 2001இல் கட்டணத்தை நீக்க, கடன் தள்ளுபடியால் மிச்சமான பணம் கைகொடுத்தது. கென்யா 2003 ஜனவரியில் அதையே செய்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில் தொடக்கப் பள்ளி நிகரச் சேர்க்கை, அதாவது அந்த வயதுக் குழந்தைகளில் பள்ளியில் இருப்பவர்களின் பங்கு, 2000இல் 60 சதவீதமாக இருந்து 2015இல் 80 சதவீதமானது. அந்தக் காலத்தில் அங்கே குழந்தைகளின் தொகையும் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது சாதாரண சாதனை அல்ல. பள்ளிக்கு வெளியே இருந்த தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளின் எண்ணிக்கை உலக அளவில் ஏறத்தாழ 10 கோடியிலிருந்து 5.7 கோடியாகக் குறைந்தது. உதவியெல்லாம் வீண் என்பவர்கள் இந்த எண்களைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் மலாவியில் வந்து சேர்ந்த பத்து லட்சம் குழந்தைகளுக்கு ஆசிரியர் எங்கே? சில வாரப் பயிற்சியோடு புதியவர்களை ஆயிரக்கணக்கில் வகுப்புக்குள் அனுப்பினார்கள். முதல் வகுப்பில் நூறு குழந்தைகளுக்கு மேல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பது பழகிப்போன காட்சியாயிற்று. கட்டடம் கட்ட வெளியிலிருந்து பணம் வரும், புத்தகம் அச்சிட வரும், பயிற்சி முகாம் நடத்த வரும். சம்பளத்துக்கு வருவது அரிது. ஏழை நாடுகள் பலவற்றில் தொடக்கக் கல்விக்கான அரசுச் செலவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆசிரியர் சம்பளம்தான் என்னும்போது, உதவி என்பது மீதியுள்ள சிறு பங்கைச் சுற்றியே வட்டமிடும் பணமாகிவிடுகிறது. கொடுப்பவரின் தயக்கத்துக்கும் நியாயம் உண்டு: இன்று ஒரு நாட்டின் ஆசிரியர்களுக்கு நாம் சம்பளம் கொடுக்கத் தொடங்கினால் எப்போது நிறுத்துவது என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆசிரியரை நியமிக்கும் நிதி அமைச்சருக்கும் அதே கேள்விதான் இருக்கிறது. நாளை நின்றுபோகக்கூடிய பணத்தை நம்பி முப்பது ஆண்டுப் பணிக்கு யாரையும் எடுக்க முடியாது. போதாக்குறைக்குப் பல நாடுகளில் பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) கடன் ஒப்பந்தங்களே அரசு ஊழியர் சம்பளத்துக்கு மொத்தமாக ஒரு வரம்பு வைத்திருந்தன. கல்விக்கு உதவி கூடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஆசிரியர் நியமனம் அந்த வரம்பில் முட்டி நின்றது. கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2007இல்தான் அத்தகைய வரம்புகளை அரிதாகப் பயன்படுத்துவது என்று நிதியம் முடிவெடுத்தது.

எவ்வளவு பணம் என்று கேட்பவர்கள் முதலில் அறிய வேண்டியது, கல்வி உதவி என்ற பெயரில் பதிவாவதெல்லாம் ஏழை நாட்டின் பள்ளிக்குப் போவதில்லை என்பதை. ஜெர்மனியும் பிரான்சும் தங்கள் பல்கலைக்கழகங்களில் படிக்கும் வளரும் நாட்டு மாணவர்களுக்கு ஆகும் செலவைத் தங்கள் வெளிநாட்டு உதவிக் கணக்கில் எழுதிக்கொள்கின்றன. விதிகள் அதை அனுமதிக்கின்றன. அந்தப் பணம் அந்த நாடுகளின் எல்லையைத் தாண்டுவதே இல்லை, தொடக்கக் கல்வியைத் தொடுவதும் இல்லை. மொத்த வெளிநாட்டு உதவியில் கல்வியின் பங்கும் 2019இல் 9.3 சதவீதமாக இருந்தது, 2022இல் 7.6 சதவீதமாக இறங்கியது. மிக ஏழ்மையான நாடுகளிலும்கூடக் கல்விச் செலவின் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் அந்நாட்டு அரசும் பெற்றோரும்தான். இந்த அளவு தெரிந்தால், வெளிநாட்டு உதவி ஒரு நாட்டின் கல்வியைத் தூக்கி நிறுத்தும் என்ற நம்பிக்கையும், அதுதான் கெடுத்துவிட்டது என்ற குற்றச்சாட்டும் இரண்டுமே மிகை என்பது புரியும்.

இனி, கொடுத்த பணம் வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி. உகாண்டாவில் 1990களின் முற்பாதியைப் பற்றிய ஓர் ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மைய அரசு பள்ளிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளைச் சென்றடைந்தது என்று ரெய்னிக்கா, ஸ்வென்சன் ஆகிய இரு ஆய்வாளர்கள் கண்டார்கள். மிச்சம் இடையிலுள்ள மாவட்ட நிர்வாகங்களில் கரைந்துபோயிருந்தது. அதன்பின் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பப்பட்டது என்பதை அரசு நாளிதழ்களில் வெளியிடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பள்ளிக்குச் சேரும் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டியது. நாளிதழ் விளம்பரம் ஒன்றே இதைச் சாதித்தது என்று சொல்வது கதைக்கு அழகு சேர்ப்பது. அதே காலத்தில் நிதி நிர்வாகத்தில் வேறு பல சீர்திருத்தங்களும் நடந்தன. கென்யாவில் கதை வேறு விதமாக முடிந்தது. கல்வி அமைச்சகத்தில் பெரும் முறைகேடு வெளிப்பட்டதும் பிரிட்டனும் அமெரிக்காவும் 2009இன் இறுதியிலும் 2010இன் தொடக்கத்திலுமாக நிதியை நிறுத்தின. பள்ளிகள் மூடப்படவில்லை, ஏனென்றால் செலவின் பெரும்பகுதி ஏற்கெனவே கென்யர்களின் வரிப்பணத்தில்தான் நடந்துகொண்டிருந்தது.

பணம் பள்ளியைச் சென்றடைந்தாலும் அது கற்றலாக மாறும் என்பதற்கு உறுதி இல்லை. இதற்கு மேற்குக் கென்யாவின் பாடநூல் சோதனையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1990களில் அங்கே ஒரு தொண்டு நிறுவனம் பல கிராமப் பள்ளிகளுக்குப் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்தது. பொருளாதார அறிஞர் மைக்கேல் கிரெமரும் அவரது சக ஆய்வாளர்களும் புத்தகம் பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் ஒப்பிட்டார்கள். பல மாணவர்களுக்கு ஒரே புத்தகம் என்ற நிலை மாறினால் மதிப்பெண் உயரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். சராசரி உயரவில்லை. ஏற்கெனவே வகுப்பில் முன்னணியில் இருந்த மாணவர்களுக்கு மட்டுமே பயன் கிடைத்தது. காரணம் எளிது: அரசின் பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது, அந்தக் குழந்தைகளில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. புத்தகம் கையில் இருந்தது, வாசிக்கத்தான் தெரியவில்லை. அதே பகுதியில் குடற்புழு மாத்திரை கொடுத்த பள்ளிகளில் மாணவர் வராமை கால்பங்கு குறைந்தது என்று கிரெமரும் எட்வர்ட் மிகேலும் கண்டது உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் அங்கும் தேர்வு மதிப்பெண் உயரவில்லை என்பதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். உலகில் சுமார் 40 சதவீதம் பேருக்குத் தாங்கள் பேசும், புரிந்துகொள்ளும் மொழியில் கல்வி கிடைப்பதில்லை என்று யுனெஸ்கோ சொல்கிறது. காலனி ஆட்சி விட்டுச்சென்ற பாடத்திட்டமும் பயிற்றுமொழியும் மாறாத இடத்தில் பணம் கூடுவதால் மட்டும் என்ன நடந்துவிடும்?

பெரு நாட்டின் மடிக்கணினிக் கதையும் இதே வகைதான். அங்கே கிராமப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் மலிவு விலை மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அமெரிக்கக் கண்டங்களுக்கிடையேயான வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்ட மதிப்பீட்டில் கணிதத்திலோ மொழிப் பாடத்திலோ முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. கருவி வாங்குவதும் அதோடு புகைப்படம் எடுத்துக்கொள்வதும் சுலபம், அதைக் கொண்டு கற்பிப்பதுதான் கடினம்.

பயன் தந்தவை எவை? வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1985இல் 22 பள்ளிகளோடு தொடங்கியது. ஓர் அறை, அந்த ஊரிலேயே வாழும் ஓர் ஆசிரியை, முப்பது சொச்சம் குழந்தைகள், ஒரே ஆசிரியையுடன் தொடர்ந்து படிப்பு என்ற எளிய அமைப்பு ஆயிரக்கணக்கான ஊர்களுக்குப் பரவியது. அதற்கும் பெருமளவு வெளிநாட்டுப் பணம்தான் உதவியது. பணம் குறைந்தபோது பள்ளிகளும் குறைந்தன. இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் உருவாக்கிய முறையில், குழந்தையை வகுப்பு வாரியாக உட்கார வைக்காமல் வாசிப்பு நிலை வாரியாகக் குழு பிரித்து, எழுத்து தெரியாதவருக்கு எழுத்தும் சொல் தெரிந்தவருக்குப் பத்தியும் கற்றுக்கொடுக்கிறார்கள். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதைப் பல ஆண்டுகள் சோதித்துப் பயன் இருப்பதைக் காட்டினார்கள். இன்று ஜாம்பியா உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளிலும் அது நடக்கிறது. கென்யாவில் அமெரிக்க, பிரிட்டன் உதவியோடு 2015இல் தொடங்கிய 'டுசோமே' திட்டம் இன்னொன்று. சுவாஹிலி மொழியில் 'வாசிப்போம்' என்று அதற்குப் பொருள். முதல் இரு வகுப்புகளில் குழந்தைக்கு ஒரு புத்தகம், ஆசிரியருக்கு நாள்வாரியான பாடக் குறிப்பு, மாதம்தோறும் வகுப்பில் வந்து அமர்ந்து பார்த்து யோசனை சொல்லும் அரசுக் கல்வி அலுவலர், அவ்வளவுதான். புதிய ஆட்களை எடுக்காமல், ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஆசிரியரையும் அலுவலரையும் வைத்தே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் அது நடந்தது. சம்பளத்துக்கு ஆகாத பணத்தை எங்கே போட வேண்டும் என்பதற்கு இது நல்ல விடை என்று நினைக்கிறேன். ஆசிரியருக்கு நாள்வாரியாகக் குறிப்பு எழுதிக் கொடுப்பது அவரது சுதந்திரத்தைப் பறிப்பது என்று குறை சொல்பவர்கள் உண்டு. தொண்ணூறு குழந்தைகளோடு, எப்படிக் கற்பிப்பது என்று யாரும் சொல்லித் தராத நிலையில் நிற்கும் ஓர் ஆசிரியருக்கு அந்தக் குறிப்பு சுமையாகவா துணையாகவா இருக்கும் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

உதவி எந்த வழியாக வருகிறது என்பதும் முக்கியம். தனித்தனித் திட்டங்களாக வரும்போது ஒவ்வொரு கொடையாளருக்கும் தனி அலுவலகம், தனிக் கணக்கு, தனி அறிக்கை என்று கல்வி அமைச்சகத்தின் திறமையான ஆட்களெல்லாம் அறிக்கை எழுதுவதிலேயே காலம் கழிக்கிறார்கள். பலர் அமைச்சகத்தைவிட்டு அதிகச் சம்பளத்துக்கு அந்தத் திட்ட அலுவலகங்களிலேயே சேர்ந்துவிடுகிறார்கள். இதைத் தவிர்க்கவே பெறும் நாட்டின் சொந்தத் திட்டத்தையும் நிதி நிர்வாகத்தையும் பயன்படுத்துவது என்று கொடுக்கும் நாடுகளும் பெறும் நாடுகளும் 2005இன் பாரிஸ் பிரகடனத்தில் ஒப்புக்கொண்டன. 2002இல் தொடங்கி, 2011இல் 'கல்விக்கான உலகளாவிய கூட்டாண்மை' என்று பெயர் மாறிய நிதியமும் நாட்டின் சொந்தக் கல்வித் திட்டத்துக்கே பணம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்ததுதான். நேபாளம், வங்கதேசம், எத்தியோப்பியா போன்ற நாடுகளில் பல கொடையாளர்களின் பணத்தை ஒரே தொகுப்பில் சேர்த்து அரசின் திட்டத்துக்குக் கொடுத்தார்கள். ஊழல் பயம் வரும்போதெல்லாம், தங்கள் நாட்டு வாக்காளருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும்போதெல்லாம், கொடுப்பவர்கள் மீண்டும் தனித் திட்டங்களுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

வெளிநாட்டு உதவி சரியாகப் பொருந்திய பழைய உதாரணம் தென் கொரியா. போர் முடிந்து நாடே சிதைந்து கிடந்த 1954இல் ஐ.நா. மறுசீரமைப்பு அமைப்பும் யுனெஸ்கோவும் கொடுத்த பணத்தில் சியோலில் ஒரு பாடநூல் அச்சகம் அமைந்தது. ஆசிரியர் சம்பளத்தையும் பள்ளி நடத்துவதையும் அரசும் பெற்றோரும் வலிந்து சுமந்தார்கள். அவர்களால் அப்போது செய்ய முடியாத ஒன்றை மட்டும் வெளியார் செய்து கொடுத்தார்கள். அந்தப் புத்தகங்களில் படித்த தலைமுறையைச் சேர்ந்த பான் கி மூன் பிறகு ஐ.நா. பொதுச் செயலாளரானார், 2010இல் தென் கொரியா கொடை நாடுகளின் குழுவில் சேர்ந்தது, 2015இல் அடுத்த பதினைந்து ஆண்டுக்கான உலகக் கல்வி இலக்குகளை ஏற்ற மாநாடும் அந்நாட்டின் இஞ்சான் நகரில்தான் நடந்தது. இதை எல்லா நாட்டுக்கும் பொருத்திப் பேசுவது தவறு. கொரியாவில் நிலச் சீர்திருத்தமும் கல்விமேல் இருந்த தணியாத பசியும் முன்பே இருந்தன.

இப்போது நிலைமை தலைகீழாகிவிட்டது. அமெரிக்கா 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்து, ஜூலைக்குள் அந்த உதவியை வழங்கிவந்த யுஎஸ்எய்டு அமைப்பையே கலைத்துவிட்டது. பிரிட்டன் 2021இல் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்த உதவியை 2027க்குள் 0.3 ஆக்கப் போவதாக அறிவித்தது. 2023உடன் ஒப்பிடும்போது 2026இல் கல்வி உதவி 320 கோடி டாலர், அதாவது 24 சதவீதம் குறையும் என்றும், அதனால் மேலும் 60 லட்சம் குழந்தைகள் பள்ளியை இழக்கக்கூடும் என்றும் யுனிசெஃப் 2025இல் கணித்தது. இந்த அடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. ஆசிரியர் சம்பளத்தை அரசே கொடுக்கும் நாடுகளில் மறுநாளும் பள்ளி திறந்திருக்கும். வாசிப்புப் புத்தகத்தின் அடுத்த அச்சும், வகுப்பைப் பார்வையிட வரும் அலுவலரின் பயணச் செலவும், சில இடங்களில் மதிய உணவும்தான் முதலில் நிற்கும். அகதிக் குழந்தைகளின் நிலை அப்படி அல்ல. லெபனானில் சிரியக் குழந்தைகளுக்காக அரசுப் பள்ளிகளில் பிற்பகலில் நடத்தப்பட்ட இரண்டாம் வேளை வகுப்புகளுக்கு ஆசிரியர் ஊதியம் வெளிநாட்டுப் பணத்தில்தான் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் அகதி முகாம்களில் கற்பிப்பவர்களில் பலரும் தாங்களே அகதிகள். மாதச் சிறு ஊக்கத்தொகைக்கு வேலை செய்பவர்கள். உதவிப் பணம் சம்பளமாகவே போய்ச் சேர்ந்த அரிய இடம் அது. அந்த மாதத் தொகை நின்றால் அங்கே வகுப்பும் அந்த மாதத்தோடு நின்றுவிடும்.